கேழ்வரகில் சிவப்பு மால்ட் பானம்: வேலூர்ச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தின் சிவப்பு ஏல் என்ற பீர் வகையை முழுத் தானியத்திலிருந்து வீட்டிலேயே காய்ச்சுகிறவர்கள் நான்கு வேலைகளை அடுத்தடுத்துச் செய்கிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை உடைத்து, 66 பாகை செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது முதல் வேலை. அந்த இனிப்புச் சாற்றை வடித்தெடுப்பது இரண்டாவது. கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது மூன்றாவது. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து, 18 முதல் 20 பாகைக்குள் இரண்டு வாரம் நொதிக்கவிடுவது நான்காவது. 20 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ வெளிர் மால்ட்டும், கருக வறுத்த பார்லி 100 கிராமும் போதும். அந்த 100 கிராம்தான் பானத்துக்குச் செந்நிறத்தைத் தருகிறது. 1710இல் கில்கென்னி நகரில் தொடங்கப்பட்ட ஸ்மித்விக்ஸ் மதுவாலையின் பெயரோடு உலகம் அறிந்திருக்கும் அந்த நிறத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு சிறிய பங்கு வறுத்த தானியமே.

இந்த நான்கில் முதல் மூன்றையும் வேலூரில் எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம். நான்காவதைச் செய்யக் கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. சொந்தத் தேவைக்காகக் கொஞ்சமாகச் செய்தேன் என்பது அதற்கு விடையாகாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, இரண்டே ஆண்டில் வேலூர் அன்று அடங்கியிருந்த வட ஆற்காட்டுக்கும் வந்துவிட்டது என்பதால், இது நம் மாவட்டத்துக்குப் பழைய செய்தி. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், 20 பாகையில் வேலை செய்யும் ஈஸ்டுக்கு நம் ஊரின் பங்குனி, சித்திரை ஒத்துவராது. ஆகவே இந்தக் கட்டுரை மூன்றாவது வேலையோடு நின்றுவிடுகிறது. ஈஸ்ட் தர வேண்டிய நுரையையும் குமிழியையும் கோலி சோடாவிடம் கேட்டுப் பெறுகிறோம். கிடைப்பது மது கலவாத, சர்க்கரை சேர்க்காத, தானியத்தின் சொந்த இனிப்பிலேயே நிற்கும் செந்நிற மால்ட் பானம். வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து குடிக்கலாம்.

தானியத்தில் பார்லிக்குப் பதில் கேழ்வரகு. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் பார்லி பெரும்பாலும் தோல் நீக்கி மெருகூட்டப்பட்டது. உமியோடு சேர்ந்து முளையும் போய்விட்டிருப்பதால் எத்தனை நாள் ஊறினாலும் அது முளைக்காது. இரண்டாவது காரணம் கேழ்வரகின் தகுதி. வெப்ப நாட்டுத் தானியங்களில், முளைகட்டும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை நன்றாகச் சுரப்பவற்றுள் கேழ்வரகு முன் வரிசையில் நிற்கிறது. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் விளையும் கேழ்வரகு வேலூர்ச் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆடி மாதத்தில் ஒவ்வொரு மாரியம்மன் கோயிலிலும் கூழாக ஊற்றப்படும் தானியத்தை வாங்க நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிட வேண்டும். கேழ்வரகு தீர்ந்துவிட்டதென்று அதன் இடத்தில் சோளத்தை முளைகட்ட வேண்டாம். சோள முளையிலும் வேரிலும் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. அதை முறையாக நீக்கத் தெரிந்தவர்களின் வேலை அது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கானது அன்று.

தானியமும் தண்ணீரும்

முழுக் கேழ்வரகு முக்கால் கிலோ வாங்குங்கள். புதிய விளைச்சலாக இருந்தால் நல்லது. ஆனால் எந்தக் கடையில் வாங்கினாலும், முளைக்குமா என்று சோதிக்காமல் மொத்தத்தையும் ஊறப்போட வேண்டாம். ஈரத் துணியில் 100 மணிகளை எண்ணிப் பரப்பி, சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். 90க்கு மேல் முளைத்திருந்தால் அந்தத் தானியம் நமக்கு ஏற்றது. 80க்குக் கீழே இருந்தால் அதை மாவாக்கிக் களி கிண்டிக்கொள்ளலாம். முளைக்காத மணிகள் நீரில் கிடந்து அழுகிப் பக்கத்து மணிகளையும் கெடுக்கும் என்பதால் இந்தச் சோதனையில் சலுகை காட்டக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள் கலவையைக் காரத்தன்மைக்கு இழுக்கின்றன. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளோ pH அளவில் 5.2 முதல் 5.6 வரையிலான இலேசான புளிப்பு நிலையில்தான் தெம்பாக வேலை செய்யும். டப்ளின் நகரின் தண்ணீரும் இப்படிக் கார்பனேட் மிகுந்ததே. கருக வறுத்த தானியத்தின் இயல்பான புளிப்பு அந்தக் காரத்தை ஈடுகட்டியதால், கருநிற பீர்கள் அந்த ஊரில் நன்றாக அமைந்தன. நாம் செய்ய வேண்டியது எளிது: ஆழ்குழாய் நீரானால் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணத்தை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் இருப்பவர்கள் அதையே காய்ச்சிப் பயன்படுத்தலாம். கேன் தண்ணீரும் ஆகும். எதுவானாலும் இரண்டு லிட்டருக்கு அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் போதுமானது.

முளை கட்டுதல்

தானியத்தைக் கல்லும் மண்ணும் போக நன்றாக அரித்து, மிதக்கும் பதரையும் சாவியையும் கைநிறைய அள்ளி வெளியே போடுங்கள். பிறகு 12 மணி நேரம் ஊறட்டும். குளிர்நாட்டில் ஒரே தண்ணீரில் நெடுநேரம் விடலாம். வேலூர் வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் ஊறும் நீரே புளித்து நாற்றம் எடுக்கும். தண்ணீர் மாற்றும்போது அரை மணி நேரம் தானியத்தை வடிதட்டில் காற்றாட விடுவதும் நல்லது. தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும் விதை மூச்சுத் திணறி முளைப்பதில் பிந்தும்.

ஊறியதை வடித்து, ஈரமான பருத்தித் துணியில் இரண்டு விரல் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, இன்னொரு ஈரத் துணியால் மூடி, வீட்டில் எந்த அறை குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே வையுங்கள். பயறு முளைகட்டுவதைப் போல மூட்டையாக இறுக்கிக் கட்டித் தொங்கவிட வேண்டாம். முளைக்கும் தானியம் தானே வெப்பத்தை வெளியிடும். முக்கால் கிலோ மூட்டையின் நடுப்பகுதி வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடேறி, அங்கேதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். ஆறு, ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, விரல்களால் கோதிப் புரட்டிவிடுங்கள். புரட்டாமல் விட்டால் நூலளவு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தானியம் முழுவதும் ஒரே பாயாகிவிடும். அதைப் பிரிக்கும்போது முளைகள் ஒடிந்து, ஒடிந்த இடத்தில் அழுகல் தொடங்கும்.

ஐரோப்பாவில் பார்லியை 15 பாகை குளிர்ச்சியில் நான்கைந்து நாள் முளைக்க விடுகிறார்கள். இங்கே 28, 30 பாகையில் கேழ்வரகுக்கு இரண்டு நாள் போதும். நிறுத்த வேண்டிய நேரத்தை மணியைக் கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கடுகளவு செம்மணியின் ஒரு முனையில் வெண்ணிற வேர், மணியின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு வளர்ந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே முளை தலைகாட்டி, மணியின் நீளத்தை எட்டியிருக்கும். மணியை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நசுக்கினால், உள்ளிருப்பது கட்டியாக நிற்காமல் மாவாகக் குழைந்து பரவும். அந்தக் குழைவுதான் அடையாளம். அதைத் தாண்டி முளையைப் பச்சை பிடிக்க விட்டால், நாம் குடிக்க வேண்டிய சர்க்கரையைச் செடி தன் வளர்ச்சிக்குச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த வேலைக்கு மிகவும் உகந்த காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை. அக்கினி நட்சத்திரத்தில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாம்பல், கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் எங்காவது பூஞ்சை தென்பட்டாலும், முடை நாற்றம் வந்தாலும், அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுத் தொடர நினைக்காமல் முழுவதையும் எருக்குழியில் போட்டுவிடுங்கள். கொதிக்கவைத்தாலும் பூஞ்சை நஞ்சு போகாது.

உலர்த்தலும் வறுத்தலும்

ஈரமாக இருக்கும்போது நொதிகள் வெப்பத்துக்கு எளிதில் அழியும்; உலர்ந்த பிறகு தாங்கும். ஆகவே முதல் அரை நாள் மின்விசிறியின் கீழ் நிழலில் ஆறவிட்டு, மேலீரம் போன பிறகே மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். வெள்ளை வேட்டியை விரித்து மெல்லிதாகப் பரப்பினால், வேலூர் வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மாலையில் பனி இறங்குவதற்குள் எடுத்து வைக்க வேண்டும். எங்கள் ஆயா காய்ந்த தானியத்தைச் சோதிக்க இரண்டு மணியை எடுத்துக் கடைவாயில் போட்டுக்கொள்வார். நறுக்கென்று உடைந்தால் தலையசைப்பார், மெத்தென்று அமுங்கினால் "இன்னொரு வெயில் காட்டு" என்பார். அதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது.

காய்ந்ததை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்துக் கசக்கினால் வேர்கள் பொடியாக உதிரும். முறத்தில் இட்டுப் புடைத்து அவற்றை நீக்கிவிடுங்கள். வேர் தங்கினால் பானத்தில் கசப்பும் பச்சை வாசனையும் ஏறும். முக்கால் கிலோ தானியம் இந்த இடத்துக்கு வரும்போது ஏறக்குறைய 600 கிராமாகக் குறைந்திருக்கும். நமக்குத் தேவை 500 கிராம். மீதியை மூடிய பாத்திரத்தில் வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு ஆகும்.

இந்த 500 கிராமில் 15 கிராமை, அதாவது நூற்றுக்கு மூன்று பங்கை, நிறத்துக்காகத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாணலியில் சிறு தீயில், கை ஓயாமல் கிளறி, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். தீ கூடினால் கேழ்வரகு பொரிந்துவிடும் அல்லது வெளியே கருகி உள்ளே வெளுத்திருக்கும். புகை கிளம்பும் முன், காப்பியை நினைவூட்டும் வாசம் வந்ததும், உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் தீ அணைந்த பிறகும் வறுபட்டுக்கொண்டிருக்கும். நிறம் போதவில்லையே என்று இந்த அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். அயர்லாந்தில் சிவப்பு ஏலுக்கும் ஸ்டவுட் என்னும் கருநிற பீருக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும் பங்கு இதில்தான் இருக்கிறது: முன்னதில் வறுத்த பார்லி இரண்டு, மூன்று விழுக்காடு; பின்னதில் அது பத்து விழுக்காட்டை ஒட்டியிருக்கும். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் செம்மையும் இல்லாமல் கருமையும் இல்லாமல் சேற்று நிறமும், நாக்கின் அடியில் நிற்கும் கரிச் சுவையுமே மிஞ்சும்.

மில்லுக்குக் கொண்டு போகும்போது பதத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேழ்வரகைப் பார்த்ததும் மில்லுக்காரர் "தம்பி, களிக்கா கூழுக்கா?" என்று கேட்பார். "ரெண்டுக்கும் இல்லைங்கண்ணா, நைசா வேணாம், ரவைப் பதத்துல ஒரு ஓட்டு மட்டும் ஓட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். நைசாக அரைத்தால் மாவு துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும், வடிப்பதற்குள் பொறுமை போய்விடும். முந்தைய ஆள் மிளகாய் அரைத்திருந்தால் கொஞ்சம் காத்திருந்து, அரிசி ஓட்டிய பிறகு நம்முடையதைப் போடச் சொல்வது உத்தமம். இந்த அளவுக்கு வீட்டு மிக்ஸியே போதும். நிறுத்தி நிறுத்திச் சில சுற்றுகள் விட்டால் ரவைப் பதம் கிடைத்துவிடும். வறுத்த 15 கிராமை மிக்ஸியில் தனியே உடைத்துக்கொள்ளுங்கள்.

மாஷ்: மூன்று வெப்பநிலைகள்

மால்ட் ரவையை வெந்நீரில் வைத்திருக்கும் வேலைக்கு மாஷ் என்று பெயர். மாவுச்சத்து சர்க்கரையாகும் இடம் இதுதான். மற்ற எல்லா வேலையும் இதற்குத் துணை. கடைகளில் மால்ட் என்று விற்கும் பல பொடிகளில் சர்க்கரையோ வெல்லமோ சேர்ந்தே இருப்பதால், தானியத்துக்குத் தன் இனிப்பு என ஒன்று உண்டு என்பதே நமக்கு மறந்துவிட்டது. அதை மீட்டெடுக்க வேண்டுமானால் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். சமையலுக்கென்று விற்கும், முள்ளை உள்ளே செருகிப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி போதும். கையை விட்டுப் பார்த்தும், ஆவியைப் பார்த்தும் 65 பாகைக்கும் 75 பாகைக்கும் வேறுபாடு காண முடியாது. நம் வேலையோ இப்படிச் சில பாகை வேறுபாட்டைப் பொறுத்தே இருக்கிறது.

பார்லியை வெந்நீரில் கொட்டி ஒரே வெப்பத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டாலே சர்க்கரையாகிவிடும். கேழ்வரகில் அப்படி விட்டால் பாதிதான் கிடைக்கும். அதன் மாவுச்சத்து வெந்து இளகுவதற்கு வேண்டிய வெப்பம், நொதிகள் தாங்கும் வெப்பத்தோடு ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கிறது. மாவுச்சத்தை வேகவைக்கப் போனால் நொதி சாகும். நொதியைக் காப்பாற்றப் போனால் மாவுச்சத்து வேகாது. வழி என்னவென்றால், நொதிகள் தண்ணீரில் கரையக்கூடியவை என்பதால், முதலில் அவற்றை நீரில் இறக்கித் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மாவை வேகவைத்து, பிறகு இரண்டையும் ஒன்று சேர்க்கலாம்.

2 லிட்டர் தண்ணீரை 50 பாகைக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றை விட்டு, 485 கிராம் மால்ட் ரவையைக் கட்டி தட்டாமல் கலந்து, மூடி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ரவை அடியில் இறங்க, மேலே கலங்கலான வெளிறிய நீர் நிற்கும். அதிலிருந்து 750 மில்லியை அடிமாவைக் கலக்காமல் கரண்டியால் முகந்து தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள். தோற்றத்தில் மாவு கழுவிய தண்ணீர்தான். நமக்கு வேண்டிய நொதியில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. தவறியும் அதைச் சூடாக்கவோ, வேலையாள் எவரும் அழுக்கு நீரென்று கொட்டிவிடவோ இடம் கொடுக்காதீர்கள்.

மீதியுள்ள மாவையும் நீரையும் அடி கனமான பாத்திரத்தில், வறுத்து உடைத்த 15 கிராமையும் சேர்த்து, சிறு தீயில் ஏற்றுங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம். 60 பாகையைத் தாண்டியதும் கலவை இறுகத் தொடங்கும், கரண்டி கனக்கும், களி கிண்டிப் பழகிய கை, இது இன்னும் இறுகப் போகிறது என்று தயாராகும். 70 பாகையில் தீயை நன்றாகத் தணித்துப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். இறுகிக்கொண்டிருந்தது சட்டென்று தளர்வதைக் கை முதலில் உணரும். கரண்டியில் மொத்தையாகத் தொங்கிய கூழ், சில நிமிடங்களில் மோர்போல ஒழுகும். மாவில் எஞ்சியிருந்த நொதி, வெந்து இளகிய மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டி விடுவதால் நேரும் மாற்றம் இது. இதைக் கண்ணால் காணும்போது நொதியைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்ததற்கு உயிர் வருகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.

தளர்ந்த பிறகு கொதிக்கவிட்டு, அடிப்பிடிக்காமல் கிளறி, 15 நிமிடம் வேகவையுங்கள். பிறகு இறக்கி, அவ்வப்போது கிளறிவிட்டு, 75 பாகைக்கு ஆறும்வரை காத்திருங்கள். 75 என்பது கணக்குப் போட்டுச் சொன்ன எண். எடுத்து வைத்த 750 மில்லி நீர் இந்நேரம் 40 பாகையை ஒட்டி இருக்கும். அதை 75 பாகைக் கலவையில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து 63, 64 பாகையில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது அந்த வெப்பமே. கொதிநிலையிலேயே ஊற்றினால் கலவை 78 பாகையைத் தாண்டி நிற்கும். நொதி வந்த வேலையைத் தொடங்கும் முன்பே அழிந்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் கஞ்சி கஞ்சியாகவே இருக்கும்.

கலந்ததை, வெந்நீர் ஊற்றி முன்பே சூடேற்றி வைத்த ஹாட்பாக்ஸுக்கு மாற்றி மூடுங்கள். பெரிய ஹாட்பாக்ஸ் இல்லாதவர்கள் பாத்திரத்தைத் தடித்த கம்பளியில் சுற்றி வைக்கலாம். ஒன்றரை மணி நேரம் இருக்கட்டும். நடுவில் ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். 58 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் மெல்லிய தீயில் கிளறி மறுபடியும் 63க்குக் கொண்டுவரலாம்.

முடிந்ததா என்பதை நாக்கு ஓரளவு சொல்லும், அயோடின் திட்டவட்டமாகச் சொல்லும். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் ஒரு சொட்டைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விடுங்கள். கலவையின் தெளிந்த மேல்நீரில் ஒரு சொட்டை அதனருகே விட்டு இரண்டையும் சேருங்கள். நீலக்கறுப்பு நிறம் வந்தால் மாவுச்சத்து இன்னும் மீதமிருக்கிறது. இன்னொரு அரை மணி நேரம் வையுங்கள். அயோடினின் பழுப்பு மஞ்சள் நிறம் மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. சொட்டில் மாவுத் துகள் விழுந்தால் அது எப்போதும் கறுப்பாகத்தான் காட்டும் என்பதால் தெளிநீரை மட்டுமே எடுக்க வேண்டும். சோதித்த சொட்டைக் கழுவிவிடுங்கள். பாத்திரத்தில் திரும்பச் சேர்க்கக் கூடாது.

வடித்தலும் கொதியும்

பார்லிக்கு உமி உண்டு. வடிக்கும்போது அந்த உமியே அடியில் படுக்கையாக அமைந்து வடிகட்டியாகிறது. கேழ்வரகுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே துணிதான் கதி. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துண்டை வெந்நீரில் அலசி, அகன்ற பாத்திரத்தின் மேல் கட்டி, கலவையைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். முதலில் வடியும் கலங்கல் சாற்றை மறுபடியும் துணியிலேயே ஊற்றினால், படிந்த சக்கை வழியாக இறங்கி இன்னும் தெளியும். வடிவது நின்றதும் 75 பாகை வெந்நீர் 750 மில்லியை மூன்று தவணையாகச் சக்கையின் மேல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இனிப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். அதைவிடச் சூடான நீர் தோலிலுள்ள துவர்ப்பை இழுத்துவரும். துணியை முறுக்கிப் பிழிந்தாலும் துவர்ப்பும் மாவும் சேர்ந்து வரும். மூட்டையாகக் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள், தானாக வடியட்டும். சக்கை மாட்டுக்கு நல்ல தீனி.

சாற்றைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவையுங்கள். முதல் கொதி வரும்போது புரதம் திரண்டு நுரையாகப் பொங்கி எழும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமலும் அந்த ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகராமலும் இருந்தால் வழியாது. பொங்குதல் அடங்கிய பிறகு 35 நிமிடம் திறந்தபடியே கொதிக்கட்டும். சிவப்பு ஏலில் இந்த இடத்தில் ஹாப்ஸ் பூ சேர்ந்து, நெடுநேரக் கொதியில் தன் கசப்பைக் கொடுத்து, மால்ட்டின் இனிப்பைச் சமன் செய்கிறது. நமக்கு அந்த வேலையைச் சுக்கும் நாரத்தைத் தோலும் செய்யும். தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டைக் கடைசி 15 நிமிடத்திலும், வெள்ளைப் பகுதி சேராமல் மெல்லியதாகச் சீவிய நாரத்தைத் தோல் இரண்டு கீற்றைக் கடைசி 5 நிமிடத்திலும் போடுங்கள். தட்டிய நன்னாரி வேர் 5 கிராமை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டால் போதும். அதன் மணம் ஆவியோடு போய்விடக்கூடியது. ஏலக்காயை நான் சேர்ப்பதில்லை. அது வந்தால் மால்ட்டின் மணம் பின்வாங்கி, பாயசத்தின் நினைவே முன்னால் நிற்கிறது.

இறக்கி வடிகட்டியதும் விரைவாகக் குளிரவைக்க வேண்டும். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும் இனிப்புச் சாறு, காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அத்தனைக்கும் விருந்து. கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கொதிப்பதால் அதை நம்ப முடியாது. அகன்ற அண்டாவில் மண்பானைத் தண்ணீரும் பனிக்கட்டியும் நிரப்பி, மூடிய பாத்திரத்தை அதில் அமிழ்த்தி வையுங்கள். ஆறியதைக் குளிர்பெட்டியில் ஒரு இரவு அசையாமல் வைத்தால் மிச்ச மாவு அடியில் படிந்து, மேலே செம்பழுப்பாகத் தெளியும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செம்மை துலங்கும். அதை இறுத்தெடுத்தால் ஒன்றரை லிட்டரை ஒட்டிக் கிடைக்கும்.

பரிமாறலும் பாதுகாப்பும்

கொதிநீரில் கழுவிய சீசாக்களில் ஊற்றிக் குளிர்பெட்டியிலேயே வைத்து மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள். அதற்கு மேல் வைக்க விரும்பினால் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய கண்ணாடிச் சீசாவில் வெளியே வைக்கவே கூடாது. நாம் ஈஸ்ட் சேர்க்காவிட்டாலும் காற்றில் வரும் ஈஸ்ட் இந்தச் சாற்றில் நொதிக்கத் தொடங்கும். வாயு அழுத்தம் ஏறினால் சீசா வெடிக்கும். குமிழி விடுவதும் புளித்த வாடை அடிப்பதும் தெரிந்தால் சுவைத்துப் பார்க்காமல் கீழே ஊற்றிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சர்க்கரை சேர்க்காத பானம் என்று நம்பி அதிகம் குடித்துவிடக் கூடாது. தானியத்திலிருந்து வந்தாலும் இதிலிருப்பது சர்க்கரைதான், இரத்தத்தில் அதன் வேலையைச் செய்யும்.

உயரமான குவளையில் குளிர்ந்த சாற்றைப் பாதி ஊற்றுங்கள். கோலி சோடாவை உடைத்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக மெல்ல ஊற்றி நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் நுரை பொங்கி வழிந்துவிடும். பன்னீர் சோடாவின் மணம் நன்னாரியோடு மோதுவதால் சாதாரண சோடாவே நல்லது. சிட்டிகை உப்பு சேர்த்தால் மால்ட்டின் சுவை எடுப்பாகத் தெரியும்.

முதல் முறை இனிப்புக் குறைவாக இருந்தால், அடுத்த முறை சாற்றை இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகச் சுண்டக் காய்ச்சுங்கள். அப்படியும் மாவுச் சுவையே நின்றால் குறை கொதியில் இல்லை, முளையில் இருக்கிறது. வேர் போதிய நீளம் வருவதற்குள் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது ஈரம் காயும் முன்பே கடும் வெயிலில் போட்டிருப்பீர்கள். துவர்த்தால் கழுவும் நீரின் சூட்டைக் குறையுங்கள். கரிச் சுவை தட்டினால் வறுத்த பங்கை 10 கிராமாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எதை எவ்வளவு மாற்றினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.